நீலப்புகை பார்த்து வாங்கிய வண்டி

என் வீட்டுக்காரர் சௌந்தரபாண்டியன் புகையைப் பார்த்தே கரியின் பக்குவத்தைச் சொல்லிவிடுவார். எங்கள் ஊர் பரளச்சியைச் சுற்றிச் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்கள் பலர் உண்டு. மூட்டத்தை இன்று பிரிக்கலாமா, நாளை பிரிக்கலாமா என்று சந்தேகம் வந்தால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். விறகை அடுக்கி, செத்தையும் மண்ணும் போட்டு மூடித் தீ வைத்ததும் முதலில் வெள்ளைப் புகை குபுகுபுவென்று வரும். அது விறகில் இருக்கும் ஈரம். நாள் போகப்போகப் புகை மெலிந்து நீலமாகும். நீலம் வந்தால் உள்ளே கரி விழுந்துவிட்டது என்று பொருள். அதுவரை அவர் ஒழுங்காகத் தூங்கமாட்டார். விரல் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை விழுந்து காற்றுப் புகுந்தாலும் அத்தனையும் சாம்பல்தான். சாப்பாட்டின் நடுவில் எழுந்துபோய் மூட்டத்தைச் சுற்றிவருவார். சோற்றுக்கை காய்ந்து போயிருக்கும்.

அப்படிப்பட்டவர் வண்டி வாங்கியபோது ஏமாந்தார். ஏமாந்தது புகையால்.

கரிக்கு நல்ல விலை கிடைத்த ஒரு வருஷம் அது. மதுரையில் பழைய கார்கள் விற்கும் ஓர் இடத்துக்கு என்னையும் கூட்டிப் போனார். ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டி, வெள்ளை நிறம். டயரைத் தட்டிப் பார்த்தார். கதவைத் திறந்து திறந்து சாத்தினார். பிறகு விற்கிறவரிடம் ஸ்டார்ட் பண்ணி மிதிக்கச் சொல்லிவிட்டு, வண்டிக்குப் பின்னால் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தார். எழுந்து வந்து என் காதருகே சொன்னார்.

"கனகு, புகை நீலமா, மெல்லிசா வருது. நல்ல வண்டி."

நான் பி.ஏ. வரலாறு படித்தவள். இஞ்சினைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? நானும் தலையாட்டினேன்.

ஒரு மாதத்தில் வண்டி திணற ஆரம்பித்தது. பாளையம்பட்டியில் ரியாஸ் என்ற மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். முப்பது வயதுக்குள்தான் இருக்கும், கை சுத்தமான பையன் என்று பெயர். அவன் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தான். துடைத்துவிட்டு மறுபடி விட்டுப் பார்த்தான்.

"அண்ணே, வாங்குறப்ப புகையைப் பாக்கலையா?"

"பாத்தேனே தம்பி. நீலமாத்தான் வந்துச்சு."

ரியாஸ் ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"அண்ணே, கரிக்கு நீலம் நல்லது. வண்டிக்கு நீலம் வந்தா இஞ்சின் ஆயில் எரியுதுன்னு அர்த்தம். ஒங்க வண்டி டீசலையும் குடிக்கிது, ஆயிலையும் குடிக்கிது. நல்ல குடிகாரனாப் பாத்துப் பிடிச்சிட்டு வந்திருக்கீக."

சிரித்தவன் இவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். இவர் கேட்டது ஒன்றுதான்.

"இத யாருட்டயும் சொல்லிராத தம்பி."

எனக்குப் புரிந்தது. அருப்புக்கோட்டைக் கரி வியாபாரிகள் இவர் சொல்லை நம்பித்தான் லோடு ஏற்றுகிறார்கள். புகையைத் தப்பாகப் பார்த்தான் என்று ஒரு வார்த்தை வெளியே போனால் போதும்.

அந்த வருஷம் டர்போ என்கிற பாகத்தை மாற்றினோம். ஒரு மூட்டத்துக் கரிக்காசு முழுவதும் அதற்கே போனது. ஆனாலும் ஆயில் குறைவது நிற்கவில்லை. இஞ்சினை இறக்கிப் பிரித்தால்தான் சரியாகும் என்றான் ரியாஸ். அவன் சொன்ன தொகையில் இன்னொரு பழைய வண்டியே வாங்கிவிடலாம். பிறகு பார்க்கலாம் என்று இவர் தள்ளிப்போட்டார். தள்ளிப்போட்டதில் வண்டி மூன்று தடவை வழியில் நின்றது. நிற்பதற்கு முன்னால் மஞ்சள் விளக்கு ஒன்று எரியும், இழுவை போய்விடும், அப்புறம் அரைமணி நேரம் ஆறப்போட்டால்தான் மறுபடி கிளம்பும். மூன்று தடவையும் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம் என்பது அதிர்ஷ்டமா, துரதிர்ஷ்டமா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

அதன்பின் அவர் சாலையைப் பார்த்து ஓட்டினதைவிட அந்த விளக்கு இருக்கும் இடத்தைப் பார்த்து ஓட்டியதுதான் அதிகம். வண்டியில் பாட்டுப் போடக்கூடாது. நான் வாயைத் திறந்தால், "செத்த சும்மா இரு" என்பார். பின் சீட்டுக்கு அடியில் எப்போதும் ஒரு ஆயில் கேன் கிடக்கும். சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகும்போது, பாதி வழியில் ஒன்றுக்குப் போகவேண்டும் என்று நிறுத்துவார். எல்லோரும் இறங்கிக் காலாற நிற்கும்போது, பானெட்டைத் திறந்து தண்ணீர் பார்ப்பதுபோல ஆயிலை ஊற்றிவிடுவார். இப்படி அடிக்கடி நிறுத்தியதில், அவருக்குச் சர்க்கரை வியாதி என்று பேச்சுக் கிளம்பியது. அவருடைய அக்கா முத்துலட்சுமி தன் வீட்டில் இவருக்குச் சீனி போடாத டீ கொடுக்க ஆரம்பித்தார். அதையும் வாயைத் திறக்காமல் குடித்தார்.

முத்துலட்சுமி எனக்கு மதினி. அடுத்த தெரு. அவருடைய வீட்டுக்காரர் இறந்தபோது மகள் பிரவீணாவுக்கு ஆறு வயது. அதிலிருந்து பள்ளிக்கூடம், காது குத்து, கல்லூரி, கல்யாணம் எல்லாவற்றுக்கும் தாய்மாமன் இவர்தான் முன்னால் நின்றார். பிரவீணாவை மதுரையில் கட்டிக்கொடுத்தோம். ஒன்பதாம் மாதம் அங்கே வளைகாப்பு. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் அன்றே அழைத்து வரவேண்டும். மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனுஷர்கள். தாங்களே ஒரு கார் பேசி அனுப்புவதாகச் சொன்னார்கள். மதினி சபை நடுவே எழுந்தார்.

"எதுக்கு? தாய்மாமன் வண்டி வாசல்ல நிக்கிது. இப்பவும் அதுதான், வலி வந்தாலும் அதுதான். எந்தம்பி வண்டியில போயிப் பெத்தாத்தான் எனக்குப் பெருமை."

இவர் என்னைப் பார்த்தார். நான் தட்டிலிருந்த வளையலைப் பார்த்தேன்.

மதுரையிலிருந்து வரும்போது வேகம் நாற்பதுக்கு மேல் போகவில்லை. இரண்டு தடவை ஒன்றுக்கு நிறுத்தினார். "மாமாவுக்கு என்ன, எம்புட்டு டீ குடிச்சீக?" என்று பிரவீணா கேலி செய்தாள். நான் சேலை நுனியால் அவளுக்கு விசிறிக்கொண்டே, மஞ்சள் விளக்கு எரிகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தேன்.

அதற்கப்புறம் ரியாஸிடம் போய்க் கேட்டோம். இஞ்சினை இறக்கினால் பத்து, பன்னிரண்டு நாள் ஆகும் என்றான். அதற்குள் வலி வந்து, மாமன் வண்டி எங்கே என்று மதினி கேட்டால்? பிரிக்கவும் முடியாமல், நம்பவும் முடியாமல் அந்த வண்டி எங்கள் வாசலில் நின்றது. தினமும் காலையில் ஸ்டார்ட் செய்வார், பின்னால் போய் நிற்பார், ஆயில் ஊற்றுவார். அக்காவிடம் சொல்லிவிடுவதென்று மூன்று தடவை கிளம்பிப் போனார். மூன்று தடவையும் சீனி இல்லாத டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"நான் சொல்லவா மதினிகிட்ட?"

"வேணாம். நானே சொல்றேன்."

"எப்ப?"

ஆனால் ஒன்று செய்தார். கிராம நர்ஸம்மா வந்தபோது, நூத்தியெட்டு கூப்பிட்டால் இங்கே வர எவ்வளவு நேரம் ஆகும் என்று விசாரித்தார். பக்கத்தில் இருந்தால் இருபது நிமிஷம், இல்லையென்றால் கூட ஆகும் என்றார் அந்த அம்மா. "கூட ஆகும்னா எம்புட்டு?" என்று இவர் மறுபடி மறுபடி கேட்டதை நான் வாசலில் நின்று கேட்டேன்.

சொன்ன தேதிக்குப் பதினொரு நாள் முன்னாலேயே, பங்குனி வெயிலில், காலை பத்தரை மணிக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. மதினி தெருவில் ஓடிவந்தார்.

"ஏலே சௌந்தரம், வண்டிய எடுலே!"

எடுத்தார். ஒரே சாவித் திருப்பில் கிளம்பியது. மதினி வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். பை, தலையணை, ஃபிளாஸ்க் எல்லாம் பின் சீட்டில் ஏறிவிட்டன. பிரவீணா என் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். இவர் இஞ்சினை அணைக்காமல் கீழே இறங்கிப் பின்னால் போனார். கொஞ்ச நேரம் அந்த நீலப்புகையைப் பார்த்தபடி நின்றார். திரும்பி வந்து இஞ்சினை அணைத்துச் சாவியை உருவினார். செல்லை எடுத்து நூத்தியெட்டுக்குப் போட்டார். ஊர்ப் பெயர், தெரு, எத்தனையாவது மாசம் என்று மனப்பாடம் செய்ததுபோலச் சொன்னார்.

"என்னலே பண்ற?"

"இதுல ஏத்த வேணாங்க்கா. வழியில நின்னுரும்."

"இப்ப ஓடித்தானலே வந்துச்சு!"

"மூணு தடவை நின்னிருக்கு. ஒங்கிட்ட சொல்லல."

பக்கத்து வீட்டு நல்லகண்ணு முன்னால் வந்தார். லாரி ஓட்டினவர். "மாப்ள, சாவியக் குடு. நான் ஓட்டுறேன்."

"யாரு ஓட்டுனாலும் அதே இஞ்சின்தான மாமா?"

அதற்குள் கூடிவிட்ட கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. யாரென்று தெரியும், எழுத வேண்டாம்.

"சீட்டு அழுக்காயிரும்னு யோசிக்கிறான் போல."

மதினி அதைப் பிடித்துக்கொண்டார். "அதுதானாலே? எம்மக ரத்தம் பட்டா ஒன் வண்டி தீட்டாயிருமா?"

இவர் முகம் கறுத்துப் போனது. அப்போதுதான், நாலு பேருக்கு முன்னால், மூன்று வருஷமாக மறைத்து வைத்ததைச் சொன்னார்.

"வாங்கும்போதே ஏமாந்துட்டேங்க்கா. புகையைத் தப்பாப் பாத்துட்டேன். நீலமா வந்துச்சு, நல்லதுன்னு நெனைச்சேன். இஞ்சின் கெட்டுப்போயிதான் நீலமா வருது. ஒனக்குச் சுகர்னு நீ நெனைச்சிட்டு இருக்கியே, அதுவும் இல்ல. ஆயில் ஊத்தத்தான் எறங்குனேன்."

பதற்றத்தில் 'எனக்கு' என்பதற்கு 'ஒனக்கு' என்றார். யாரோ சிரித்தார்கள். நல்லகண்ணு, "போடா, நீயாவது புகையைத் தப்பாப் பாக்குறதாவது" என்றார். ஒருவரும் நம்பவில்லை.

நூத்தியெட்டு வர இருபத்தாறு நிமிஷம் ஆனது. பிரவீணாவைக் கட்டிலில் சாய்த்து, ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று நான் எண்ணினேன். இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. மதினி வெளியே போய் ஏசுவதும், உள்ளே வந்து மகளின் தலையைத் தடவுவதுமாக இருந்தார். "இந்நேரம் பாதி தூரம் போயிருக்கலாம்" என்று நல்லகண்ணு சொன்னது ஜன்னல் வழியே கேட்டது. பிறகு, "இந்நேரம் போயே சேர்ந்திருக்கலாம்" என்றார். இவர் ரோட்டோரம் சாவியை இறுக்கிப் பிடித்தபடி நின்றார். அந்தப் பக்கம் ஒரு வண்டிச் சத்தம் கேட்டபோதெல்லாம் இரண்டடி முன்னால் போனார். ஒரு தடவை அது மினி பஸ். ஒரு தடவை தண்ணீர் டேங்கர். எனக்கே அந்த நேரத்தில் அவர் மேல் ஆத்திரம் வந்தது. வண்டி வாசலிலேயே நிற்கிறது. ஓடிப் பார்த்தால்தான் என்ன? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆம்புலன்ஸ் வந்தது. பிரவீணாவும் மதினியும் ஏறினார்கள். நாங்கள் இரண்டு பேரும் எங்கள் வண்டியில் பின்னால் போனோம்.

அன்றைக்கு ஓடியதைப்போல அந்த வண்டி எங்களிடம் வந்த நாளிலிருந்து ஓடியதில்லை. திணறல் இல்லை, உதறல் இல்லை. பருத்திமார் காய்ந்து நின்ற காடுகளைத் தாண்டி, ஆம்புலன்ஸின் பின்னாலேயே கோடு போட்டதுபோலப் போனது. மஞ்சள் விளக்கு எரியவில்லை. பாதி தூரம் போனதும் இவர் ஸ்டியரிங்கைக் கையால் அடித்தார்.

"நின்னு தொலையேன் சனியனே!"

ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதித்தார். வண்டி இன்னும் வேகமாகப் போனது. மூன்று வருஷமாக நின்றுவிடாதே என்று கும்பிட்டவர், நிற்கச் சொல்லிக் கெஞ்சினார். கொஞ்ச தூரத்தில் காலைத் தளர்த்தினார்.

"என்ன புத்தி கனகு இது. புள்ள அங்க துடிக்கிறா. நான் சரின்னு காட்ட ஆசைப்படுறேன்."

அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் நின்ற அடுத்த நிமிஷம் நாங்களும் போய் நின்றோம். மகளை உள்ளே கொண்டுபோகும்போது மதினி திரும்பி, வண்டியை ஒரு தடவை, தம்பியை ஒரு தடவை பார்த்தார். "நல்லாத்தான வந்திருக்கு" என்றார். ஒன்றேகால் மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம்.

குழந்தை பிறந்த பதினாலாம் நாள் திருச்சுழிக்குப் போகும் வழியில் வண்டி நின்றது. இந்தத் தடவை ஆறப்போட்டும் கிளம்பவில்லை. கயிறு கட்டித்தான் இழுத்து வந்தார்கள். நான் போய் மதினியிடம் சொன்னேன். "எந்நேரமும் நின்னுரும் நின்னுரும்னு வாயி வச்சான். நின்னுருச்சு" என்றார். பழைய இரும்பு விலைக்கு அதைக் கொடுத்தோம். வண்டி வைத்திருந்தும் மருமகளை நூத்தியெட்டில் அனுப்பிய மாமன் என்ற பெயர் மட்டும் ஊரில் தங்கிவிட்டது. இரண்டு கரி வியாபாரிகள் மூட்டம் பார்க்க வேறு ஆளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

சென்ற ஐப்பசியில் அவர் போய்விட்டார். கருமாதி அன்று வந்தவர்களிடமும் மதினி, பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு, அழுதபடியே அந்தக் கதையைச் சொன்னார். "வாசல்ல வண்டிய வச்சுக்கிட்டு எம்மகளத் தெருவுல நிப்பாட்டுனானே பாவி." குழந்தை அவர் மூக்குத்தியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கு வண்டி நின்றிருக்கும் என்று என்னால் நிரூபிக்க முடியாது. அவராலும் முடியவில்லை. அவர் உயிரோடு இருந்தபோது ஒரு நாள் காலையில் பொறுக்கமாட்டாமல், "அக்காவக் கூப்பிட்டு ரியாஸ விட்டாவது சொல்லச் சொல்லுங்க. எத்தன நாளைக்குத்தான் ஏச்சு வாங்குவீக?" என்றேன்.

"ஏசட்டுமே கனகு. அன்னைக்குப் புள்ளைய ஏத்திட்டுப் போயி வழியில வண்டி நின்னிருந்தா, ஏசுறதுக்கு அக்காவுக்குத் தெம்பு இருந்திருக்காது" என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.