முருகனும் முந்நூறு சவேஜும்

டோர்செட் பார்க்கில் குடியிருக்கும் சீனித்தம்பி ஒரே தோட்டாவில் இரண்டு மானையும் ஒரு கரடியையும் வீழ்த்தியவர். சரி, கரடியைக் கழித்துவிடுங்கள். அது பேச்சு வேகத்தில் வந்து சேர்ந்தது. இரண்டாவது மானையும் கழிக்கலாம். ஒரு மான், ஒரு தோட்டா என்பதில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது. அவருடைய மனைவி மனோரஞ்சிதம் இதோ எதிரே இருந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்கிறாள். பொய் அளவு மீறினால் அவள் கையிலுள்ள கத்தி நின்றுவிடும். கரடி வந்தபோது நின்றது. இப்போது மறுபடி ஓடுகிறது, ஆகவே தொடரலாம்.

சீனித்தம்பி மட்டக்களப்பு ஆள். இப்போது கனடாவில், ஸ்காபரோவில் கதவுப் பிணைச்சல் செய்யும் தொழிற்சாலையில் வேலை. ஊரில் தான் பெரிய வேட்டைக்காரன் என்று அங்கே ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லி வைத்துவிட்டார். உண்மையில், வயலுக்கு வரும் பன்றியை மாமனார் சுடப் போகும்போது கூடப் போய் ரோச் லைற் பிடித்தவர். பன்றி உறுமினால் முதலில் அணைவது அந்த ரோச் லைற்தான். இது தெரியாத போமன், அதாவது அங்கே வேலையை மேற்பார்க்கும் வெள்ளைக்காரன், வடக்கே ஹலிபேர்ட்டன் பக்கம் தனக்கிருந்த மரக்குடிசைக்கு அவரை மான் வேட்டைக்கு அழைத்துவிட்டான். அழைப்பு வந்தபிறகு துவக்கு இல்லை என்று சொல்வது எந்த வேட்டைக்காரனுக்கு அழகு?

பொலிசில் அனுமதி எடுத்துக்கொண்டு கிங்ஸ்டன் வீதியில் ஒரு பழைய துவக்குக் கடைக்குப் போனார். மூலையில் தூசி போர்த்திக்கொண்டு நின்ற ஒரு துவக்கில் அவர் கண் விழுந்தது. அதற்குப் போடும் தோட்டாவின் பெயர் முந்நூறு சவேஜ். குட்டையான தோட்டா, கழுத்தென்று சொல்ல அதிகம் இல்லை, தோளின்மேல் நேரே தலையை வைத்த மாதிரி இருக்கும். ஒரு காலத்தில் அதற்கிருந்த மதிப்பே வேறு என்றும், பிறகு புதிய தோட்டாக்கள் வந்ததும் சனம் அதை மறந்தே போனது என்றும் கடைக்காரக் கிழவர் கண் கலங்காத குறையாகச் சொன்னார். கடைசியில், "இது உதைக்காது" என்றார். சீனித்தம்பிக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

மேல்வீட்டுக் குலசிங்கத்துக்குப் போதவில்லை. அவர் யாழ்ப்பாணத்தவர், எதை வாங்கினாலும் கடையில் உள்ளதிலேயே பெரியதை வாங்குகிறவர். பெரிய ரீவி; பெரிய கார்; அதை நிறுத்தும் இடத்தில் எந்தப் பக்கக் கதவையும் முழுக்கத் திறக்க முடியாது. சீனித்தம்பி வேட்டைக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டதும் அவரும் துவக்கு வாங்கினார். அதன் தோட்டா முந்நூறு மக்னம். இரண்டு தோட்டாவையும் மனோரஞ்சிதத்தின் சாப்பாட்டு மேசையில் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஐசே, உது என்ன, சுண்டெலி சுடுறதோ?"

"குண்டு ரெண்டிலயும் ஒரே பருமன்தானே அண்ணன்."

"குண்டு ஒண்டுதான். மருந்து? என்ரையிலை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு! கனடா மான் எண்டால் கோட்டுப் போட்ட மான் ஐசே. உம்மடை தோட்டா அதின்ரை மயிரிலை சிக்கித் தொங்கும்."

"மேசையில உதுகள வைக்காதீங்க, சோறு போடப் போறன்" என்று சொல்லி மனோரஞ்சிதம் இரண்டையும் ஒரே கையால் வழித்துத் தள்ளினாள்.

முதல் வருடம் சீனித்தம்பி மரத்தடியில் காவலிருந்து நன்றாக உறங்கினார். இரண்டாம் வருடம் விழித்திருந்தார். ஆனால் பசி வந்து, கொண்டுபோன கருவாட்டுக் குழம்பை அங்கேயே திறந்தார். காற்று காட்டை நோக்கி அடித்தது. அந்த வாரம் முழுவதும் போமனின் காட்டில் அணில்கூடத் தென்படவில்லை.

வீட்டில் துவக்கு இருந்த இடம்தான் வில்லங்கமானது. அந்த அப்பார்ட்மென்றில் பூட்டுப்போட்ட ஒரே அலுமாரி வாசலுக்குப் பக்கத்தில் இருந்தது. அதில் துவக்கு நின்றது. முருகன் படமோ குசினியில், குளிர்ப்பெட்டிக்கு மேலே, ஒவ்வொரு முறை அதன் கதவை அடித்துச் சாத்தும்போதும் அதிர்ந்துகொண்டிருந்தது. எண்பத்தாறாம் ஆண்டு தீபாவளியன்று, குலசிங்கத்தைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு, மனோரஞ்சிதம் தீர்ப்பைச் சொன்னாள்.

"இஞ்ச பாருங்க. சூரன்போருக்கு முன்னம் மான் இந்த வீட்டுக்கு வரவேணும். வராட்டி அந்தத் துவக்க வித்துப்போட்டு, அலுமாரிய முருகனுக்குத் தரவேணும்."

"வந்தா?"

"வந்தா அது நிண்ட இடத்தில நிக்கட்டும். நான் வாய் திறக்க மாட்டன்."

சீனித்தம்பி உடனே தலையாட்டினார். அவர் பார்த்தது சுவரில் தொங்கிய வேட்டைக்காலக் கலண்டரை. அவள் பார்த்தது பஞ்சாங்கத்தில் சூரன்போர் எந்த நாள் என்பதை மட்டும். வேட்டை தொடங்கும் திங்கட்கிழமைதான் சூரன்போரில் முடியும் கந்தசஷ்டி விரதமும் தொடங்குகிறது என்பதோ, விரதம் தொடங்கிவிட்டால் ஒரு துண்டு மச்சமாமிசமும் வாசற்படி தாண்டாது என்பதோ, தீபாவளி ஆட்டிறைச்சி வாயிலிருந்த அந்த நேரத்தில் மூன்று பேரில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

இந்த முறை குலசிங்கமும் கூட வந்தார். குடிசைக்குப் பின்னால் ஒரு பலகையை நட்டு அவர் மக்னத்தைச் சுட்டுப் பழகினார். சுட்டபோது பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை. துவக்கின் மேலிருந்த தொலைநோக்கி பின்னால் வந்து அவருடைய புருவத்தில் அழகாக ஒரு பிறை வரைந்தது. அதிலிருந்து அவர் விசையில் விரலை வைக்கும்போதே இரண்டு கண்ணையும் இறுக்க மூடிக்கொள்வார். மூடியது தனக்கே தெரியாது என்று இன்றைக்கும் சத்தியம் செய்கிறார்.

புதன்கிழமை காலை, பனி லேசாகப் போட்டிருந்தது. இரண்டு பேரும் ஒரே மேட்டில் இருந்தார்கள். சீனித்தம்பியின் பையில் அன்று வெறும் பாண் ரொட்டிதான். கீழே புதர் விலகியது. கொம்புள்ள ஒரு மான் வெளியே வந்து நின்றது. மூத்தவர் என்ற மரியாதைக்கு முதல் வெடி குலசிங்கத்துக்கு.

மக்னம் இடி மாதிரி முழங்கியது. மானுக்கு எவ்வளவோ மேலே, பைன் மரத்தின் ஒரு கிளை முறிந்து, அவசரமில்லாமல் கீழே விழுந்தது. மான் ஓடவில்லை. தலையைத் திருப்பி, விழுந்த கிளையை வியப்போடு பார்த்தது. சீனித்தம்பி துவக்கைத் தோளில் வைத்தார். மான் போனால் துவக்கும் போகும். ஆனால் அந்தக் குட்டைத் தோட்டா இதுவரை அவருடைய தோளை நோகடித்ததில்லை. அதனால் அவருடைய கண்ணுக்கும் அதனிடம் பயமில்லை. கடைசிவரை திறந்த கண்ணோடு, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் பார்த்துச் சுட்டார். மான் ஒரு துள்ளுத் துள்ளி, கொஞ்சத் தூரம் ஓடி, படுத்துவிட்டது.

குலசிங்கம் எழுந்து கோட்டைத் தட்டினார். "நான் சுட்ட சத்தத்திலைதான் ஐசே அது திகைச்சு நிண்டது. அதையும் சொல்லோணும்."

"சொல்லுவன் அண்ணன். கிளையையும் சொல்லுவன்."

வியாழன் பின்னேரம், காரின் கூரையில் மானைக் கட்டிக்கொண்டு டோர்செட் பார்க்குக்கு வந்து சேர்ந்தார்கள். சீனித்தம்பி கீழ்வாசலில் நின்று, வீட்டு மணியை மாப்பிள்ளை மிடுக்கோடு அழுத்தினார்.

"மனோ, மான் வந்திட்டு! கதவைத் திற புள்ள!"

சுவரிலிருந்த ஒலிபெருக்கி கொஞ்சநேரம் கரகரத்தது. "இறைச்சியோடயா நிக்கிறீங்க?"

"இறைச்சியில்ல, முழு மான்!"

"நான் சஷ்டி விரதம் எண்டு தெரியாதா? திறக்கமாட்டன்."

சீனித்தம்பி நெற்றியில் அடித்துக்கொண்டார். மான் வராவிட்டால் துவக்குப் போகும். வந்த மானுக்கோ கதவு திறக்காது. "நீதானே புள்ள சூரன்போருக்கு முதல் வரவேணும் எண்ட?"

"சொன்னன்தான். அப்ப மறந்திட்டன். வள்ளியம்மை ஆர்? மான் வயித்துப் பிள்ளை. விரத நாளில முருகனுக்கு முன்னால அவர்ட மாமியாரக் கொண்டுவந்து போடப் போறீங்களா?"

"ஐயோ, இது ஆண் மான்! பல்கனியால எட்டிப் பாரு, கொம்பிருக்கு!"

"அப்ப மாமனார்."

வாசலில் சாமான் பைகளோடு ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. சீனித்தம்பி ஒலிபெருக்கியில் வாயை வைத்து, தன் வாழ்நாளின் கடைசித் தோட்டாவைச் சுட்டார். "வள்ளியிட்ட முருகன் என்ன வேசத்தில போனவர்? வேடன் வேசத்தில! என்னைப் போல!"

"வில்லோட போனவர். சவேஜோட போகல்ல."

என்றாலும் குரலில் ஒரு தளர்வு தெரிந்தது. குலசிங்கம் அதைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார். "தங்கச்சி, நான் சாட்சி. தீர்ப்பை நான் சொல்லுறன்."

"அதுக்கு முதல் சொல்லுங்க அண்ணன், உங்கட மக்னம் என்னத்தச் சுட்டது?"

வாசலில் நின்ற அத்தனை பேரும் அவருடைய புருவத்தைப் பார்த்தார்கள்.

"ஒரு கிளை."

"சரி, இப்ப தீர்ப்பச் சொல்லுங்க."

"மான் வாசலுக்கு வந்தது உண்மை. வீட்டுக்குள்ளை வரேல்லை எண்டதும் உண்மை. ஆனால் மறிச்சது நீங்கள். ஆனபடியால் அலுமாரியிலை மேல் பாதி முருகனுக்கு, கீழ் பாதி துவக்குக்கு."

மானை, தோலோடு அப்படியே, போமனின் குளிர்ந்த கராஜில் கொண்டுபோய்த் தொங்கவிட்டார்கள். முருகன் சூரனை வென்று, மனோரஞ்சிதம் விரதம் முடிக்கும் பாறணைச் சோற்றைச் சாப்பிட்டு எழும்பும்வரை அது அங்கேயே தொங்கியது. மான் இறைச்சியை அப்படிக் குளிரில் சில நாள் விட்டால்தான் பதமாகும் என்று போமன் பிறகு சொன்னான். அவசரப்பட்டு வெட்டியிருந்தால் செருப்புத்தோல்தான். விரதத்தின் தயவில் கறி வெண்ணெயாக வந்தது. கட்டிடம் முழுவதும் மணத்தது. குலசிங்கம் மூன்றாம் முறை போட்டுச் சாப்பிடும்போது, வாயில் கறியோடு, "முந்நூறு சவேஜ் குறைஞ்ச தோட்டா இல்லை" என்று ஒத்துக்கொண்டார். அடுத்த வருடம் அவருடைய மக்னம் விற்பனைக்கு வந்தது.

முருகன் மேலே, துவக்கு கீழே என்று அந்த அலுமாரி இன்றைக்கும் பாதிப் பாதியாகத்தான் இருக்கிறது. கொடுத்த வாக்குக்காகவும், வேடனாகப் போன முருகனின் முகத்துக்காகவும்தான் மனோரஞ்சிதம் மனமில்லாமல் அந்தப் பாதியை விட்டுக்கொடுத்தாள். மற்றபடி அந்த மான்கறியில் அவள் ஒரு துண்டுகூட…

கத்தி நின்றுவிட்டது.

"ஆர் சொன்ன? பாறணை முடிஞ்சு முதல் உப்புப் பாத்ததே நான்தான். சட்டியில பாதி அங்கயே முடிஞ்சு போச்சு. அண்டைக்கு அவர் முழு அலுமாரியையும் கேட்டிருந்தாலும் குடுத்திருப்பன். அந்த மனிசன்தான் கேக்கல்ல."