முனியப்பன் இன்பாக்ஸ், ஜீவனஹள்ளி

எங்கள் அப்பா முனியப்பனின் ஈமெயில் முகவரி ஜீவனஹள்ளியில் எங்கள் சந்துக்கே சொந்தம். பொம்மசந்திராவில் ஒரு பம்ப் கம்பெனியின் ஸ்டோர்ஸில் அவர் வேலைக்குச் சேர்ந்தபோது, சம்பளச் சீட்டு மெயிலில்தான் வரும் என்று சொல்லி அங்கேயே ஒருவர் திறந்து கொடுத்தது. சந்தில் முதல் ஈமெயில் அதுதான். அப்புறம் கேஸ் இணைப்பா, ஸ்கூல் அட்மிஷனா, பாஸ்போர்ட்டா, எதற்கு முகவரி கேட்டாலும் எல்லோரும் அப்பாவுடையதையே கொடுத்துவிட்டார்கள். இன்றைக்கு அவர்கள் கையிலெல்லாம் அப்பாவுடையதைவிட நல்ல ஃபோன் இருக்கிறது. சொந்தமாக ஒன்று திறந்துகொள்ளுங்களேன் என்றால், முனியண்ணனுடையது இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்பார்கள். அப்பாவுக்கு அதில் பெருமை வேறு. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும் மெயிலைப் பார்த்துவிட்டு, யாருக்கு என்ன வந்திருக்கிறது என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் காபி குடிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வந்து என்ன பிரயோஜனம்? அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்கு நான் மனுப் போட்டபோது கம்ப்யூட்டர் கடையில் பக்கத்தில் உட்கார்ந்து விவரம் சொன்னவர் அப்பாதான். என்னுடைய ஈமெயிலை நான் சொல்லச் சொல்ல, நீ அதைத் திறந்தே பார்க்க மாட்டாய், என்னுடையது என்றால் தினமும் பார்ப்பேன் என்று தன்னுடையதைப் போட வைத்தார். அதற்குப் பிறகு யாரோ வழக்குப் போட, அந்த வேலை வருஷக்கணக்கில் கிடப்பில் கிடந்தது. நானே மறந்துவிட்டேன். போன சனிக்கிழமை இரவு என்னோடு வேலை செய்யும் பெண் சொல்லித்தான் தெரிந்தது, வழக்கு முடிந்து பழைய மனுக்காரர்களைக் கூப்பிடுகிறார்கள் என்று. மெயிலில் எதுவும் அனுப்புவதில்லை, வெப்சைட்டில் மனு எண்ணைப் போட்டால்தான் அழைப்புக் கடிதம் வரும். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரையோடு அதையும் மூடிவிடுவார்கள்.

அந்த எண் என்னிடம் இல்லை. அது வந்த எஸ்.எம்.எஸ். பழைய ஃபோனோடு போயிற்று. ப்ரின்ட் எடுத்து வைத்திருந்தது, மாடி வீட்டுக் குழாய் ஒழுகி எங்கள் பீரோவுக்குள் தண்ணீர் இறங்கியதில் கூழாகிவிட்டது. எண் மறந்துவிட்டதா என்று வெப்சைட்டில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் வட்டம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. எனக்கு வயது வரம்பும் தாண்டிவிட்டது, புதிதாக மனுப் போட முடியாது. தனியார் ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு வருஷமும் ஒப்பந்தத்தை நீட்டிப்பார்களா மாட்டார்களா என்று காத்துக் கிடக்கும் பிழைப்பிலிருந்து நான் தப்பிக்க இருந்த ஒரே வழி, மனு எண்ணோடு அப்பாவின் இன்பாக்ஸுக்கு வந்த அந்த ஒரு மெயில்தான்.

ஞாயிறு மத்தியானம் அவருடைய ஃபோனை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, எல்லாம் பத்திரமாக இருக்கும், ஒன்றும் எங்கேயும் போகாது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

தேடும் கட்டத்தில் வீணா என்று அடித்தேன். எங்கள் சந்தில் என்னைத் தவிர இரண்டு வீணாக்கள் இருக்கிறார்கள். ஒருத்தியின் டியூஷன், இன்னொருத்தியின் ஸ்கேன் ரிப்போர்ட், அவள் கல்யாணத்துக்கு மண்டபம் பேசியது என்று வந்துகொண்டே இருந்தது. நர்ஸ் என்று போட்டால் சந்துக் கோடி வீட்டு சுதீர் தன் தங்கைக்காக விசாரித்த காலேஜ்கள் அத்தனையும் வந்து நின்றன. மனு என்பதற்கான ஆங்கில வார்த்தையைப் போட்டேனோ இல்லையோ, சந்தே திரண்டு வந்துவிட்டது. லாயிட் அண்ணனின் பாஸ்போர்ட், அது திரும்பி வந்தது, மறுபடி அனுப்பியது. மஞ்சுநாத் அண்ணன் மகளின் காலேஜ் சீட்டு. எப்போதோ வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனவர்களின் கேஸ் புத்தகம்கூட இருந்தது. மனுப் போட்ட வருஷத்தை மட்டும் பிரித்துப் பார்த்தேன். குப்பை மெயில்களுக்குள்ளும் போய்ப் பார்த்தேன். எல்லோருக்கும் எல்லாம் இருந்தது. எனக்கு மட்டும் இல்லை.

அம்மா போட்டு வைத்த சோறு ஆறிப் போயிற்று. வேண்டாம் என்று எரிந்து விழுந்தேன். மணி நாலு தாண்டியிருந்தது.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. முத்தம்மா என்று அம்மாவின் பெயரைப் போட்டுப் பார்த்தேன். ஒன்றுமே வரவில்லை. எங்கள் கரன்ட் பில், எங்கள் கேஸ், அம்மாவின் கண் ஆபரேஷன் என்று ஒவ்வொன்றாகத் தேடினேன். சமீபத்தில் வந்தவற்றைத் தவிர எங்கள் வீட்டு மெயில் ஒன்றுகூடக் கிடையாது. அப்பாவின் பழைய சம்பளச் சீட்டுகள்கூட இல்லை.

"அப்பா, நம்ம வீட்டுதெல்லாம் எங்கே?"

அவர் மெதுவாகச் சொன்னார். இரண்டு வருஷம் முன்னால் இடம் நிரம்பிவிட்டது, இனிமேல் மெயில் வராது என்று ஃபோனில் காட்டியிருக்கிறது. மஞ்சுநாத் அண்ணன் மகளுக்குக் காலேஜ் சீட்டு மெயில் வரவேண்டிய நேரம் அது. வராமல் போனால் பெண்ணின் படிப்பு என்ன ஆவது என்று பயந்து, இடம் பண்ணுவதற்காக உட்கார்ந்து அழித்திருக்கிறார்.

"நம்மள்தாப் பாத்து அழிச்சியா?"

"அவங்கள்து நம்பிக் குடுத்ததும்மா. அதுல எப்பிடிக் கை வெக்கிறது? நம்மள்துதானே, அப்பறமா கேட்டு வாங்கிக்கலாம்னு..."

"யார்கிட்டப்பா போய் கேட்டு வாங்குவேன்?"

நான் நிறுத்தவில்லை. ஊருக்கெல்லாம் நல்ல பெயர் வாங்கினாயே, உன் மகளுக்கு என்ன வைத்தாய் என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். எழுதக் கூசுகிறது, ஆனால் அதில் ஒரு வார்த்தையைக்கூட நான் பொய் என்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஃபோனை மேஜை மேல் வீசிவிட்டு ஹெல்ப்லைனுக்கு என் ஃபோனில் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை, யாரும் எடுக்கவில்லை. ஐந்தரை ஆனது. வெப்சைட்டில் காலம் முடிந்தது என்று கன்னடத்திலும் இங்கிலீஷிலும் வந்தது.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போனாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகைகூட வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

அப்பா மேஜை மேலிருந்த ஃபோனை எடுத்தார். மறுபடி தேடப்போகிறார் என்று நினைத்தேன். ஒற்றை விரலால் ஒவ்வொரு மெயிலாகக் குறி போட்டுக்கொண்டே போனார். லாயிட், மஞ்சுநாத், சுதீர், எல்லோருடையதும். அந்தப் பக்கம் முடிந்ததும் குப்பைத்தொட்டிப் படத்தின் மேல் விரலைக் கொண்டுபோனார்.

எழுந்து போய் ஃபோனைப் பிடுங்கிவிட்டேன்.

"லாயிட் அண்ணன் பாஸ்போர்ட் பேப்பர்லாம் அதுலதாம்பா இருக்குது" என்றேன்.

சொல்லி முடிப்பதற்குள் என் மேலேயே எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. அப்பா தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். நான் அவர் போட்ட குறிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன்.