ஐந்தாவது பாட்டுக்குப் பதில் சொன்னவள்

சொன்னால் சிரிப்பீர்கள். நான் வேதியியல் படித்தவள், யாருக்காவது ஜின் பிடித்துவிட்டது என்றால் காய்ச்சல் இருக்கிறதா என்று முதலில் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற ஆள். நம்புங்கள் என்று கேட்கமாட்டேன். நான்தான் தப்பாகக் கேட்டுவிட்டேனோ என்று இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

எங்கள் ஊர் திருவையாற்றுக்குப் பக்கம். என் கணவர் துபாய் போவதற்கு முன் தஞ்சாவூரில் பாட்டுப் பதிவு செய்துகொடுக்கும் கடையில் இருந்தவர். எண்பதுகளில் வந்த இங்கிலீஷ் பாட்டு என்றால் உயிர். கல்யாணமான புதிதில், ஒரு பாட்டின் தொடக்கத்தை மட்டும் ஓடவிட்டு நிறுத்தி, "எந்த வருஷம், சொல்லு" என்பார். பரீட்சை என்றாலே எனக்குக் கை வேர்க்கும், ஆனாலும் அவருக்காக நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தேன். தப்பாகச் சொன்னால், "பி.எஸ்சி. ஃபெயிலு!" என்று கேலி செய்வார்.

துபாய் போனபின் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட். அதில் பேசி, ஊருக்கு வருகிறவரிடம் கொடுத்தனுப்புவார். கேட்டு முடித்ததும், அவர் பேசியதன் மேலேயே நாங்கள் பதில் பேசி, அந்த ஆள் திரும்பும்போது கொடுத்துவிடுவோம், எல்லா வீட்டிலும் அப்படித்தான். கடைசியில் எனக்காக ஐந்து பாட்டு இருக்கும். ஒவ்வொன்றுக்குப் பிறகும் நான் பதில் சொல்லக் கொஞ்சம் இடம் விட்டு, அப்புறம் விடையைச் சொல்வார்.

அந்தக் கேசட் வந்தபோது பிள்ளைக்கு எட்டு மாதம். பட்டப்பகல், வெளியே குறுவை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. மாமி, அதாவது என் மாமியார், பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். நான்கு பாட்டுக்கும் சரியாகச் சொல்லிவிட்டேன். ஐந்தாவது வெறும் கிதார். "சொல்லு" என்றார் அவர். நான் வாயைத் திறப்பதற்குள் டேப்புக்குள்ளிருந்து ஒரு பெண், மெதுவாக, எங்கள் பக்கத்துப் பேச்சிலேயே, "எண்பத்திமூணு மச்சான்" என்றாள்.

"சரி" என்றார் அவர். அந்தக் குழைவை நான் அவரிடம் கேட்டதே இல்லை. அவரை மச்சான் என்று கூப்பிடுகிறவள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.

திரும்ப ஓடவிட்டேன். அதே குரல். மாமியின் கரண்டி பாதியில் நின்றுவிட்டது.

"யாரு மாமி இது?"

"அத அணைச்சுப் போடு புள்ள."

பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு வந்தால், மாமி டேப்பை மடியில் வைத்துக்கொண்டு தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறார், இந்த வருஷம் வாய்க்காலில் தண்ணீர் தாமதம் என்று, பதிவுக்கான சிவப்புப் பொத்தான் அழுந்தியிருக்கிறது, அந்தக் குரல் இருந்த இடத்தின் மேலேயே.

"என்ன மாமி பண்றீங்க?"

"கொண்டாந்த பையன் நாளைக்குப் போறானாம்ல."

அவன் போக இன்னும் பத்து நாள் இருந்தது. எனக்குத் தெரியும், மாமிக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுப் போனில் அவர் கூப்பிட்டபோது கேட்டேவிட்டேன். "எந்தப் பாட்டு? இந்தத் தடவ நான் பாட்டே போடலயே புள்ள. என் டேப்பு ரிப்பேரு, ரூம்காரன்ட்ட வாங்கி ரெண்டு வார்த்த பேசுனதோட சரி" என்றார். மாமியிடம் போனை நீட்டினேன், நீங்களே சொல்லுங்கள் என்று. மாமி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார், "நீ பேசுனது மட்டுந்தான் இருந்துச்சு தம்பி."

அன்று தனியாகிப் போனேன். என் வீட்டுக்குள்ளேயே நான் பொய் சொல்கிறவள் ஆகிவிட்டேன்.

மறு வருடம் லீவில் வந்தார். ஒரு சாயங்காலம் கட்டிலில் உட்கார்ந்து அந்த ஐந்தாவது பாட்டையே போட்டு நிறுத்தினார். "சொல்லு." விடை தெரிந்தும் வேண்டுமென்றே உதட்டை இறுக்கிக்கொண்டேன், முகம் மாறுகிறதா பார்க்கலாம் என்று. அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்துக் காத்திருந்தார். கொஞ்சம் கழித்துத் தலையாட்டி, "சரி" என்றார். அதே குழைவு.

"யாருக்குச் சொன்னீங்க?"

"ஏன், நீதானே இப்ப எண்பத்திமூணுன்னு சொன்னே?"

முகத்தில் கள்ளமே இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. இப்போதும் வீட்டில் ஏதாவது இங்கிலீஷ் பாட்டு ஆரம்பித்தால், முதல் சத்தத்திலேயே, சரியோ தப்போ, ஒரு வருஷத்தைச் சத்தமாகச் சொல்லிவிடுகிறேன்.