ஏசுதாஸின் வலது கால்

காவாந்தண்டலத்துப் பெரிய நிலக்காரர் பஞ்சாட்சரம், பட்டணத்தில் ஒரு சினிமாக்காரர் விற்ற அமெரிக்கக் காரை வாங்கி வந்தார். அதில் கிளச்சு கிடையாது, கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். லேசாக மிதித்தாலே பிய்த்துக்கொண்டு ஓடும். டிரைவர் ஏசுதாஸ். அவன் அப்பனும் பாட்டனும் அதே பஞ்சாட்சரம் வீட்டு ஏர் ஓட்டியவர்கள். சேரியிலிருந்து போய் ஸ்டியரிங் பிடித்த முதல் ஆள் அவன்தான்.

யார் கண் பட்டதோ, பஞ்சாட்சரத்தின் மச்சான் ஏகாம்பரம் ஒருநாள் காரை எடுத்துப் போய்ச் செய்யாற்று மணலில் புதைத்தார். மணலில் மாடு நின்றால் வாலை முறுக்கி விரட்டுவார்களே, அந்த மனுஷர் காரையும் அப்படித்தான் விரட்டினார். வெறுமனே சுழன்ற சக்கரம் சட்டென்று ஒரு கல்லைப் பிடித்தது. கியர்ப்பெட்டிக்குள் ஏதோ ஒடிந்தது. கார் மாட்டுக்கொட்டகைக்குப் போயிற்று, ஏசுதாஸ் மறுபடி ஏருக்குப் போனான்.

ஒருவழியாகப் பட்டணத்தில் சரிசெய்த மெக்கானிக், காரை எடுக்கப் போன அவனிடம் சொல்லி அனுப்பினார்: "சக்கரம் சும்மா சுத்துனா உள்ள எண்ணெய் சூடேறும்பா. சுத்திக்கினே தரையைப் புடிச்சா அடி பொட்டிக்குள்ளதான் வுழும். வழுக்குதா, காலை எடு. இன்னொரு தபா ஒடைஞ்சா சாமான் கெடைக்காது."

வண்டி போனால் தன் பிழைப்பும் போச்சு. ஏசுதாஸ் அதை மனசில் முடிந்துகொண்டான்.

பஞ்சாட்சரத்தின் மகள் சுலோச்சனாவுக்கு அக்கரையில் கல்யாணம். பெண்ணை ஏற்றிக்கொண்டு போன கார் அதே ஆற்று மணலில் நின்றது. பின்சக்கரம் ஒரு சுற்று வழுக்கியது. ஏசுதாஸ் காலை எடுத்துவிட்டான்.

"அமுக்குடா!" என்றார் பக்கத்தில் இருந்த ஏகாம்பரம். போன தடவை பட்டது போதாது போலிருக்கிறது.

"இன்னாடா பாத்துக்கினு கீற? முகூர்த்தம் போவுது!" என்று பின்னாலிருந்து கத்தினார் பஞ்சாட்சரம்.

ஏசுதாஸ் இன்ஜினை நிறுத்தி, சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "அமுக்குனா பொட்டிதான்யா போவும்."

பஞ்சாட்சரம் இறங்கி வந்து கையை ஓங்கினார்.

"அடிங்கய்யா, வாங்கிக்கிறேன். அமுக்க மாட்டேன்."

ஓங்கிய கை அப்படியே நின்றது. "கல்யாணப் பொண்ணு நடுவழியில எறங்கக் கூடாதேடா," என்றார், குரல் கொஞ்சம் தணிந்து.

"வாணாம்யா, அவங்க ஒக்காரட்டும். பின்சக்கரத்துக்குப் பாரம் நல்லதுதான். மத்தவங்க எறங்குங்க."

கல்யாணத்துக்கென்று போட்ட வெள்ளை வேட்டியோடு மண்டியிட்டு, சக்கரத்தடி மணலைக் கையாலேயே வாரினான். டயரில் கொஞ்சம் காற்றை இறக்கினான். பின்னால் வந்த சீர்வண்டியிலிருந்து கோரைப்பாய்களை வாங்கிச் சக்கரத்துக்கு முன்னால் விரித்தான். இன்ஜினைக் கிளப்பி, குழந்தையைத் தொடுவது போல மிதித்தான். கார் பாயில் ஏறியது, வழுக்கியது. காலை எடுத்தான். இறங்கி மறுபடி வாரினான், மறுபடி விரித்தான். ஏகாம்பரம் பல்லைக் கடித்தார். கடிக்கட்டும் என்று விட்டுவிட்டான். அப்புறம் கார் முனகிக்கொண்டே நகர்ந்து, பாய் விட்டுப் பாய் மாறிக் கரையேறியது.

முகூர்த்தம் தப்பவில்லை. தாலி ஏறியதும் பஞ்சாட்சரம் ஏசுதாஸிடம் வந்து, சாவிக்குக் கையை நீட்டினார். ஏசுதாஸ் சாவியைக் கொடுத்தான். எதிர்த்துப் பேசியதற்கு வேறென்ன கிடைக்கும்? திரும்பும்போது ஸ்டியரிங்கில் ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தார். பாய்களோடு சீர்வண்டியில் ஏறிக்கொண்டான் ஏசுதாஸ். நாளைக்கே ஏர் பிடிக்கச் சொன்னாலும் சரி, செய்தது சரிதான் என்று இருந்தான்.

மணலில் இறங்குவதற்கு முன்னாலேயே ஆற்றோரம் கார் நின்றது. பஞ்சாட்சரம் கீழே இறங்கினார்.

"மச்சான், எறங்கு."

ஏகாம்பரம் முனகிக்கொண்டே இறங்கினார். பஞ்சாட்சரம் சாவியை வாங்கிக்கொண்டு சீர்வண்டிக்கு நடந்து வந்தார். சாவியை ஏசுதாஸ் கையில் வைத்தார். பிறகு, பிறந்ததிலிருந்து ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடாத அந்த மனுஷர், ஒரு பாயை உருவித் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"எங்கடா போடணும், சொல்லு."