இராசலிங்கம் அண்ணை நடக்கப் போன குளிர்காலம்

இராசலிங்கம் அண்ணைக்கு ஊசி என்றால் பயம். டோர்ட்மண்டில் ஒரு பாண் தொழிற்சாலையில் முப்பது வருடமாக மாவு பிசையும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டுகிற மனிதர். மா மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டே பகிடி விடுவார். ஆனால் இரத்தம் எடுக்க வருகிற தாதியைக் கண்டால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். போன நவம்பரில் டொக்டர் அவரிடம், இரத்தத்தில் மூன்று மாதச் சீனி அளவு எட்டரையில் நிற்கிறது, அடுத்த தடவை பார்க்க வருகிற மார்ச் மாத டெர்மினுக்குள் ஏழுக்குக் கிட்ட வராவிட்டால் இன்சுலின் ஊசிதான் என்று சொல்லிவிட்டார். தினமும் ஒரு மணித்தியாலம் நடக்க வேண்டுமாம்.

நடப்பது ஒரு பெரிய காரியமா என்று நீங்கள் கேட்கலாம். ஜெர்மன்காரருக்கு இல்லைத்தான். மழையோ பனியோ, ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் தடித்த சப்பாத்தை மாட்டிக்கொண்டு குடும்பமாக வயல்வெளிக்குக் கிளம்புவார்கள். எங்கும் போகாமல் ஒரு வட்டம் சுற்றிவிட்டுப் புறப்பட்ட வீட்டுக்கே திரும்பி வருவார்கள். எங்கள் ஆட்கள் அப்படியா? நடந்தால் எங்காவது போய்ச் சேர வேண்டும். கையில் ஒரு பையாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேலை மினக்கெட்டவன் என்று பெயர் வந்துவிடும்.

அண்ணையும் பையோடுதான் கிளம்பினார். வெறும் பை. அவர் இருக்கிற பிரெக்டன், நகரத்தின் வடக்கு ஓரம், நாலு தெரு தாண்டினால் வயல். டிசம்பரில் லீக்ஸ் பாத்திகள் மட்டும் பச்சையாக நிற்கும், மற்றதெல்லாம் உழுத சேறு. முதல் நாள் பத்து நிமிடம் நடந்திருப்பார். பின்னால் வந்த கார் நின்றது. தமிழ்ப் பள்ளியை நடத்துகிற தம்பித்துரை.

"அண்ணை, என்ன, கார் பழுதோ? ஏறுங்கோ."

"இல்லைத் தம்பி, கிட்டத்தான்..."

"உந்த மழைக்குள்ள விட்டிட்டுப் போனா மனுசி என்னைப் பேசுவா. ஏறுங்கோ அண்ணை."

வலிய வந்த சீதேவியைக் காலால் உதைக்க முடியுமா? ஏறினார். ஏறினால் தம்பித்துரை வீட்டுக்குள் போகாமல் வர முடியுமா? அங்கே மூன்று கரண்டி சீனி போட்ட தேத்தண்ணி, இரண்டு ரோல்ஸ், பிறகு ஒரு சீனி அரியதரம். மறுநாள் வேறு கார், வேறு வீடு, பயத்தம் பணியாரம். சனிக்கிழமைகளில் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கு ஏற்றிப் போகிறவர்கள் போட்டி போட்டுக்கொண்டு நிறுத்தினார்கள். நானும் இரண்டு தரம் நிறுத்தியிருக்கிறேன். பெரிய உதவி செய்த நினைப்பு எனக்கு.

உண்மையைச் சொல்லி மறுக்க அவரால் முடியவில்லை. சீனி வருத்தம் என்று ஒருவரிடம் சொன்னால் பின்னேரத்துக்குள் நகரம் முழுக்கத் தெரிந்துவிடும். சும்மா நடக்கிறேன் என்று சொன்னால் மனுசியோடு சண்டை என்பார்கள், அல்லது குடித்துவிட்டுக் கார் ஓடி லைசென்ஸ் பறிபோய்விட்டது என்பார்கள். கார் வராத வயல் ஒழுங்கையிலும் ஒரு நாள் போய்ப் பார்த்தார். சேற்றில் வழுக்கி விழுந்ததுதான் மிச்சம். அந்தப் பக்கம் இனிப் போகக்கூடாது என்று அவர் மனைவி பவளம் அக்கா தடை போட்டுவிட்டார்.

ஜனவரி நடுவில் அக்கா வீட்டிலேயே அவருடைய விரலில் குத்திச் சோதித்தார். அண்ணை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா இது, நடக்கத் தொடங்கினாப் பிறகு கூடியிருக்கு. உங்களை நடக்கச் சொன்னவையோ, விருந்துக்குப் போகச் சொன்னவையோ?"

அன்று முழுக்க அண்ணை சரியாகச் சாப்பிடவில்லை என்று அக்கா எனக்குச் சொன்னார்.

அந்த வாரம்தான் கீழ்வீட்டு ஹேகமன் அம்மாவுக்கு இடுப்பு ஒப்பரேசன். அவருடைய நாய் போடோவை நடத்திக் கூட்டிப்போக ஆள் இல்லை. மண்ணிற உடம்பு, நிலத்தைத் தொடுகிற அளவுக்குச் சடை. அண்ணைக்கு நாய் என்றால் ஊசிக்கு அடுத்த பயம். ஆனாலும் நோயாளி கேட்கும்போது மறுக்கத் தெரியாத மனிதர் கயிற்றை வாங்கிக்கொண்டார்.

வயல் ஓரம் வழக்கம்போல் தம்பித்துரையின் கார் மெதுவானது. கண்ணாடி பாதி இறங்கியது. போடோவின் வயிறு வரைக்கும் சேறு. தம்பித்துரை அதைப் பார்த்தார், பிறகு தன் புது இருக்கையைப் பார்த்தார்.

"நாயோட போறியளோ? சரி அண்ணை, பிறகு சந்திப்பம்."

கார் போய்விட்டது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்றால் இதுதான். அன்று முதல் ஒருவரும் நிற்கவில்லை. அண்ணை ஒரு மணித்தியாலம் நடந்தார், பிறகு ஒன்றரை. முயல் கண்ட இடம், குளத்தில் ஐஸ் பிடித்த நாள், டிராக்டரில் இருந்து கை காட்டுகிற விவசாயி எல்லாம் எனக்குத் தொலைபேசியில் வந்தன. நாயோடு தமிழிலும் கதைத்தாராம். அக்கா மட்டும் போடோவை வீட்டு வாசற்படி தாண்ட விடவில்லை.

மார்ச் மாதம் முடிவு கேட்க என் காரில் போனோம். ஊசிக்குப் பயந்தவரைத் தனியே விட எனக்கு மனம் வரவில்லை. ஏழு புள்ளி ஒன்று. ஊசி வேண்டாம், இப்படியே நடந்துகொண்டிருங்கள் என்றார் டொக்டர். வெளியே வந்ததும் அண்ணை என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. ஆனால் காரில் ஏறிய பிறகு அவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே தெருவையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"என்ன அண்ணை, சந்தோசமில்லையோ?"

"ஹேகமன் மனுசி எழும்பி நடக்குது தம்பி. நேற்று நாயைத் திருப்பி வாங்கிப் போட்டுது. இனி எல்லாரும் நிப்பாட்டுவினம்."

வயல் தொடங்குகிற இடம் வந்தது. மழையும் பனியும் கலந்து விழுந்துகொண்டிருந்தது. "இதில நிப்பாட்டும்" என்றார். இறங்கிக் கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். நான் அவரைத் தாண்டிப்போய், கொஞ்சத் தூரத்தில் ஓரமாக நிறுத்திக் கண்ணாடியில் பார்த்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, தம்பித்துரையின் கார் அவர் பக்கத்தில் நின்றது. கதவு திறந்தது. அண்ணை குனிந்து ஏதோ சொன்னார். நேரம் எடுத்துச் சொன்னார். கதவு மூடியது.

தம்பித்துரை என் பக்கத்தில் வந்து கண்ணாடியை இறக்கினார். முகத்தில் உண்மையான கவலை.

"அண்ணைக்கு என்ன நடந்தது? வீட்டில ஏதும் பிரச்சினையோ? கேட்டா, சும்மா நடக்கிறாராம்."

"ஓம் அண்ணை," என்றேன். "சும்மாதான் நடக்கிறார்."

அவர் நம்பவில்லை. பின்னால் இராசலிங்கம் அண்ணை இரண்டு கையையும் வீசிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். கையில் பைகூட இல்லை.