மணிக்குப் பிறகு கேட் திறக்காது

எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளியில் பிள்ளைகளுக்கு விதிகள் குறைவு. நகம் வெட்டியிருக்க வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைக் கிள்ளக் கூடாது, சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைக்க வேண்டும். அவ்வளவுதான். மிச்ச விதிகளெல்லாம் பெற்றவர்களுக்கு.

முதல் இரண்டு வருடம் இது எனக்குத் தெரியாது. மகளின் பள்ளிக்கூட விவகாரம் முழுக்க மனைவியின் இலாகா. அவளுக்குத் திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு மாத்திரைக் கம்பெனியில் வேலை கிடைத்து, விடிவதற்கு முன் கம்பெனி பஸ் பிடிக்க ஆரம்பித்ததும் இலாகா என் கைக்கு வந்தது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன் நான்தானே. புத்தகம் போடுகிறவர்களுக்கு மெய்ப்புத் திருத்திக் கொடுப்பது என் தொழில். அடுத்தவர் எழுதியதில் தப்புக் கண்டுபிடிக்கச் சம்பளம் கொடுக்கிறார்கள். என் தப்பைக் கண்டுபிடிக்க வீட்டிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள், சம்பளம் வாங்காமல்.

மகள் மூன்றாம் வகுப்புக்குப் போன ஏப்ரலில் பெற்றோர் கூட்டம். தலைமையாசிரியை வாசலிலேயே என்னை மறித்தார்.

"தாத்தா, பெத்தவங்க யாராவது வரணுமே. கூட்டம் அவங்களுக்குத்தான்."

"பெத்தவன்தான் மேடம்."

நாற்பதைத் தாண்டிக் கல்யாணம் செய்துகொண்டவனின் தலைமுடியை அவர் ஒரு தரம் பார்த்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

"அப்ப லேட்டு உங்களுக்குப் பழக்கம்தான் போல. உள்ள வாங்க."

தினமும் டவுனிலிருந்து பஸ் மாறி வருகிறவர் அவர். ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை என்று ஊரே சொல்லும். அதனால் அவர் பேசும்போது எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வராது.

"புள்ளைங்க லேட்டா வர்றதில்ல," என்றுதான் ஆரம்பித்தார். "எட்டு வயசுப் புள்ளைக்கு வண்டி ஓட்டத் தெரியுமா? வூட்ல இருக்கறவங்கதான் லேட்டு. மணி அடிச்சதும் கேட்ட மூடிடுவேன். அதுக்கப்புறம் வந்தா, கூட்டிக்கினு வந்தவங்க எங்கிட்ட நின்னு காரணம் சொல்லணும். பைய மறந்துட்டேன், பாட்டில மறந்துட்டேன்னு பின்னாடியே ஓடியாராதீங்க. மணிக்கு அப்புறம் எதுவும் கேட்டைத் தாண்டாது. வீட்டுப் பாடத்தப் புள்ளதான் எழுதணும். லீவா இல்லையான்னு வாட்ஸ்அப் குரூப்ல நான் போடறதுதான் பேச்சு. அந்த குரூப்ல தயவுசெஞ்சு யாரும் குட் மார்னிங் போடாதீங்க."

மறுநாள் காலை அந்த குரூப்பில் ரோஜாப்பூ, குத்துவிளக்கு, கிளி எல்லாம் வரிசையாக வந்து குட் மார்னிங் சொல்லின. நான் போடவில்லை. விதியை மதிக்கிறவன். சத்தம் தாங்காமல் குரூப்பின் வாயை நிரந்தரமாக அடைத்துவிட்டு, அப்படி ஒன்று இருப்பதையே மறந்துபோனேன்.

வீட்டுப் பாட விதியை இரண்டு மாதம் காப்பாற்றினேன். பிறகு 'எங்கள் ஊர் ஏரி' என்று ஐந்து வாக்கியம் எழுதிவரச் சொன்னார்கள். மகள் 'ஏரியில் தண்ணீர் உள்ளது' என்று எழுதிவிட்டு யோசித்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் உதவலாமே என்று உட்கார்ந்தேன். ஏரிக்கரை, நாரை, அந்திவெயில், நீரில் கலையும் பனைமர நிழல் என்று அது எங்கேயோ போய் நின்றது. நோட்டு திரும்பி வந்தபோது அடியில் சிவப்பு மையில் ஒரு வரி: 'நன்று. அடுத்த முறை மாணவியும் முயலலாம்.' என் தொழிலில் சிவப்பு மை என்னுடையது. மற்றவர் கையில் அதைப் பார்ப்பது அவ்வளவு சுகமாக இல்லை.

மகளுக்கு இதிலெல்லாம் கவலையில்லை. அவளுக்கு வேண்டியது மணி.

பள்ளியில் மின்சார மணி ஒன்று இருந்தது. ஒரு மழைக்காலத்தோடு அதன் ஆயுள் முடிந்தது. அதன் பிறகு புங்க மரக் கிளையில் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டுதான் மணி. மூன்றாம் வகுப்பில் யார் ஒரு மாதம் முழுக்கத் தாமதமே இல்லாமல் வருகிறார்களோ, அவர்களுக்கு மறுமாதம் ஆளுக்கு ஒரு வாரம் மணி அடிக்கும் வேலை. ஸ்டூலில் ஏறி நின்று, இரும்புக் கம்பியால் ஓங்கி அடிக்க வேண்டும். அடித்தால் மொத்தப் பள்ளியும் ஓடி வந்து வரிசையில் நிற்கும், டீச்சர்கள் உட்பட. எட்டு வயதில் அதைவிடப் பெரிய பதவி இல்லை.

அக்டோபர் வரைக்கும் அவளுக்கு அது கிடைக்கவில்லை. ஒரு மாதம் என் ஸ்கூட்டர் சாவி காணோம், ஒரு மாதம் என் கண்ணாடி காணோம், ஒரு மாதம் நானே காணோம். டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். நவம்பர் பிறந்ததும் அவள் பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். நான் இட்லி சாப்பிடும்போதே ஹெல்மெட்டைக் கொண்டுவந்து மடியில் வைப்பாள். சாயங்காலம் குழம்புக் கரண்டியால் சமையலறை சிலிண்டரை அடித்துப் பழகுவாள். சிலிண்டர் காலியாக இருந்தால் சத்தம் நன்றாக வரும் என்பது அவள் கண்டுபிடிப்பு. கேஸ் சீக்கிரம் தீர வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே ஜீவன் எங்கள் வட்டாரத்தில் அவளாகத்தான் இருப்பாள்.

"இன்னாங்க," என்றாள் மனைவி, "இந்த மாசமாவது அதுக்கு அந்த மணிய வாங்கிக் குடுத்துடுங்க. என் சிலிண்டர் நசுங்கிடப் போவுது."

நவம்பர் கடைசி வாரம் வரைக்கும் வந்துவிட்டோம். ஒரு நாள்கூடத் தாமதமில்லை.

எங்கள் தெருவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கரையாம்புத்தூர் பக்கம் இப்படித்தான். நடக்கும்போது வலது காலுக்குக் கீழே பாண்டிச்சேரி இருக்கும், இடது காலுக்குக் கீழே தமிழ்நாடு. எங்கள் வரிசை வீடுகள் பாண்டிச்சேரி, எதிர் வரிசை விழுப்புரம் மாவட்டம். அவர்களுக்குக் கரண்டு போனால் நாங்கள் ஃபேன் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்ப்போம். எங்களுக்குப் போனால் அவர்கள் பார்ப்பார்கள். பெட்ரோல் எங்கள் பக்கம் மலிவு என்பதால் அவர்கள் வண்டியெல்லாம் இங்கே வரும். எங்கள் பள்ளி ஏப்ரலிலேயே திறந்துவிடும். அவர்கள் பிள்ளைகள் ஜூன் வரைக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு டாட்டா காட்டிக்கொண்டிருக்கும். மழை மட்டும் எல்லை பார்க்காமல் பெய்யும். ஆனால் மழைக்கு லீவு விடுவது அங்கே ஒருவர், இங்கே வேறொருவர்.

இது எனக்குத் தெரியாததல்ல. இங்கேயே பிறந்து வளர்ந்தவன்.

அன்று இரவெல்லாம் பெய்து, விடிந்தும் விடவில்லை. வாசலுக்கு வந்தேன். எதிர்வீட்டுக் கரும்பு விவசாயி தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு நின்றார்.

"சார், போய்ப் படுங்க! பள்ளிக்கூடம் லீவு வுட்டுட்டான்! டிவில ஓடுது!"

மழை நாளில் ஒரு மனிதன் கேட்க விரும்புகிற செய்தியை இன்னொரு மனிதன் தெருவைத் தாண்டிக் கத்திச் சொல்லும்போது சந்தேகப்படுவது மரியாதையாகாது. இருந்தாலும் படித்தவன் என்பதால் உள்ளே போய் டிவியைப் போட்டுச் சரிபார்த்தேன். 'விழுப்புரம், கடலூர் மாவட்டப் பள்ளிகளுக்கு இன்று விடுமுறை' என்று அடியில் ஓடியது. விழுப்புரம் எங்களுக்குப் பக்கம். கடலூரும் பக்கம். இரண்டுக்கும் நடுவில் இருப்பவனுக்கு லீவு இல்லாமலா போகும்? எழுத்துப் பிழை எதுவும் இல்லை. அணைத்துவிட்டேன்.

மகள் சீருடையில் வந்து நின்றாள். அம்மா போகும்முன் பின்னிவிட்ட இரட்டைச் சடை, ரிப்பன், தோளில் பை, கையில் என் ஹெல்மெட்.

"அப்பா, கிளம்பு."

"இன்னிக்கு லீவும்மா. டிவியே சொல்லிடுச்சி."

"அது எதிர் வூட்டு லீவு."

"நம்ம டிவிலயும் அதேதான் ஓடுது."

"குரூப்ல பாருப்பா. ஹெச்.எம். மிஸ் போட்டிருப்பாங்க."

"ரோஜாப்பூதான் வந்திருக்கும். போய்ச் சட்டைய மாத்து."

அவள் மாற்றவில்லை. பையைக் கழற்றாமல் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். நான் இஞ்சி தட்டிப் போட்டு டீ வைத்தேன். மழை, இஞ்சி டீ, திருத்த வேண்டிய ஒரு நல்ல புத்தகம். வாழ்க்கையில் இப்படி ஒரு காலை எத்தனை தரம் அமையும் என்று நினைத்துக்கொண்டு முதல் வாய் உறிஞ்சினேன்.

டங். டங். டங்.

வயலைத் தாண்டி, மழையைத் தாண்டி வந்தது.

"சிலிண்டர் இல்லப்பா," என்றாள் ஜன்னலைப் பார்த்தபடியே.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கேட் மூடியிருந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் குடைக்குக் கீழே தலைமையாசிரியை. இந்தப் பக்கம் நான், அவசரத்தில் பின்பக்கம் முன்னாக மாட்டிய ரெயின்கோட்டில். பக்கத்தில் மகள். தாமதமாக வந்திருந்த இன்னும் இரண்டு மூன்று குடும்பங்கள் எங்களுக்குப் பின்னால், முதல் அடி என்மேல் விழட்டும் என்று ஒதுங்கி நின்றன.

"ஏன் லேட்டு?"

"டிவில லீவுன்னு போட்டாங்க மேடம்."

"எந்த ஊருக்கு?"

"விழுப்புரத்துக்கு."

"நீங்க ஓட்டு எங்க போடறீங்க?"

"இங்கதான். பாண்டிச்சேரில."

"ரேஷன் கார்டு?"

"இங்கதான்."

"பெட்ரோல்?"

"இங்கதான் மேடம்."

"லீவு மட்டும் அங்க எடுத்துக்குவீங்களோ?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் என் போனை எடுக்கச் சொன்னார். குரூப்பைத் திறந்தேன். ஒரு ரோஜாவுக்கும் ஒரு கிளிக்கும் நடுவில், விடியற்காலையிலேயே அவர் போட்ட செய்தி இருந்தது: 'இன்று பள்ளி உண்டு. அந்தப் பக்கத்து லீவைப் பார்த்து யாரும் வீட்டில் இருந்துவிட வேண்டாம்.'

"சத்தமா படிங்க," என்றார். படித்தேன். உச்சரிப்பு சுத்தமாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "மேடம், தப்பு என்னுது. புள்ள காலையிலயே கிளம்பி நின்னா. நாந்தான் கேக்கல. அதுக்கு லேட்டுன்னு போடாதீங்க. மணி அடிக்கணும்னு ரொம்ப ஆசை," என்றேன்.

அவர் மகளைப் பார்த்தார். முகம் கொஞ்சம் இளகின மாதிரிதான் இருந்தது.

"எந்தப் புள்ளையும் தானா லேட்டாவறதில்ல சார். அதத்தான் ஏப்ரல்லயே சொன்னேன். இவளுக்கு விட்டா, பின்னாடி நிக்கிற புள்ளைங்களுக்கு இன்னா சொல்றது?" கேட்டைத் திறந்தார். "வா கண்ணு. தலையத் துவட்டிக்கோ."

மகள் உள்ளே போனாள். வழக்கமாகப் புங்க மரத்தடியில் நின்று எனக்குக் கை காட்டிவிட்டுப் போவாள். அன்று மரத்தைத் தாண்டி நேராகப் போய்விட்டாள்.

டிசம்பர் மணி கைநழுவிப் போனது. சாயங்காலம் அவள் அழவில்லை, திட்டவில்லை. குழம்புக் கரண்டியைக் கழுவி அதன் ஆணியில் மாட்டினாள். அதற்குப் பதில் சத்தம் போட்டு அழுதிருக்கலாம். மனைவி வேலையிலிருந்து வந்து கதையைக் கேட்டுவிட்டு, "அந்த மழையில எங்க கம்பெனி பஸ்ஸே வந்துச்சி. உங்க ஸ்கூட்டருக்கு இன்னா கேடு?" என்றாள். மகள் குடையை எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டிப் போனாள். எதிர்வீட்டு வாசலில் நின்று அவள் சொன்னது எங்களுக்கும் கேட்டது.

"பெரியப்பா, இனிமே எங்கப்பாகிட்ட லீவ சொல்லாதீங்க. அவரு நம்பிடறாரு."

டிசம்பரில் குரூப்பின் வாயைத் திறந்துவிட்டேன். தினமும் முதல் வேலையாக எல்லா ரோஜாப்பூவையும் தாண்டிப் போய் ஹெச்.எம். மிஸ்ஸின் செய்தியைப் படித்தேன். ஸ்கூட்டர் சாவிக்கு ஆணி அடித்தேன். டீக்கடையில் என்னைக் காணோமே என்று விசாரித்தார்களாம். இன்னொரு நாள் நல்ல மழை. எதிர்வீட்டுக்காரர் உரச்சாக்கோடு வாசலுக்கு வந்து, என்னைப் பார்த்து வாயைத் திறந்தார். என் பின்னால் ஹெல்மெட்டோடு நின்றவளைப் பார்த்தார். "மழைதான், வேற ஒண்ணுமில்ல," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பொங்கல் லீவு முடிந்ததும் அவளுடைய வாரம் வந்தது.

முதல் நாள் நாங்கள் போனபோது பள்ளியில் கேட்டே திறக்கவில்லை. திறக்கும்வரை காத்திருந்து, அவளை உள்ளே அனுப்பிவிட்டு வீடு திரும்பினேன். மேஜைமேல் அவளுடைய ஊதா நிறத் தண்ணீர் பாட்டில். பள்ளியிலும் தண்ணீர் உண்டு. ஆனால் தொண்டை வறண்டு மணி அடிக்கக் கூடாதே என்று ஒரு தகப்பனின் மனம் நினைத்தது. மணி அடிக்கத் தொண்டை வேண்டாம் என்பது ஸ்கூட்டரைக் கிளப்பிய பிறகுதான் தோன்றியது.

வழியில் எனக்கு முன்னால் கரும்பு டிராக்டர். கரும்பு வெட்டுக் காலத்தில் அந்தச் சாலையில் டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவன் அதன் வேகத்தில்தான் வாழ வேண்டும். திருப்பத்தில் அது ஒதுங்கியதும் முறுக்கிக்கொண்டு போய், கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டியை நிறுத்தி ஓடினேன். கேட் திறந்திருந்தது. புங்க மரத்தடியில் ஸ்டூல்மேல் என் மகள், கையில் கம்பி, கண் வராண்டாக் கடிகாரத்தில். திரும்பி என்னைப் பார்த்தாள். பாட்டிலைத் தூக்கிக் காட்டினேன். இன்னும் நாலு எட்டு வைத்தால் போதும்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

டங். டங். டங்.

கேட் என் மூக்குக்கு முன்னால் மூடியது. உள்ளே பள்ளி முழுக்க வரிசைக்கு ஓடியது, டீச்சர்கள் உட்பட. அவள் ஸ்டூலிலிருந்து இறங்கி, கம்பியை அதன் இடத்தில் மாட்டிவிட்டு, மரத்தடியில் நின்று எனக்குக் கை காட்டினாள்.

பின்னால் ஒரு ஸ்கூட்டி வந்து கிரீச்சென்று நின்றது. ஓட்டி வந்த அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. பின்சீட்டில் ஒரு பையன், பாதி மாட்டிய ஷூவோடு.

"ஐயோ, மூடிட்டாங்களா! எவ அவ, கண்ணுக்கு எதிர்லயே அடிக்கிறா? ஒரு நொடி வுட்டா இன்னாவாம்?"

"எம் பொண்ணுதான்," என்றேன். "வுடமாட்டா."

அந்த அம்மா என்னையும் கையிலிருந்த ஊதா பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். நான் மூடியைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தேன்.