பதினோராவது தவறு

எனக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது, எங்கள் வீட்டில் ஆப்பிரிக்காவைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் நான்தான். தெரிந்ததென்னவோ ஒன்றரைப் பக்கம்.

மாமா தக்காருக்குப் போகப்போகிறார் என்றதும் அப்பா, "எந்தக் கோயில் தக்காரு?" என்று கேட்டார். கோயில் நிர்வாகி இல்லை, செனகல் நாட்டின் தலைநகரம் என்று அட்லஸைப் பிரித்துக் காட்டினேன். அன்றே எனக்கு ஆலோசகர் பதவி வந்துவிட்டது.

தக்காரில் இருந்தது பெரியம்மா. அம்மாவுக்கும் மாமாவுக்கும் மூத்தவர். பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரரை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அப்படி ஒரு வேதக்கார, அதாவது கிறிஸ்தவச் சொல்தாவைத் தானே பார்த்துக் கட்டிக்கொண்டு, அவரது பட்டாளம் இருந்த தக்காருக்குப் போனவர். நான் பிறப்பதற்கு முன்பே போனவர், திரும்பி வரவேயில்லை. இப்போது மாமாவுக்குக் கல்யாணம். தாலியின் மூன்றாவது முடிச்சை மாப்பிள்ளையின் அக்கா போட வேண்டும். அம்மாவும் அக்காதான். ஆனால், "மூத்தவ இருக்கும்போது நான் கை வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். போனில் கூப்பிட்டால் மரியாதையாக இருக்காது, நானே போய் அழைக்கிறேன் என்று மாமா கிளம்பினார். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுக்கும் மாமா அதுவரை தாண்டிய எல்லை, ஊர்க்கோடிக் கோரிமேடு.

எங்கள் பேட்டையான சாரத்தில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போய்த் தேடினேன். தக்காரில் சுற்றுலாப் பயணிகள் செய்யும் தவறுகள் என்று இங்கிலீஷில் ஒரு பட்டியல் கிடைத்தது. அதுவரை சுற்றுலாப் பயணி என்றால், கடற்கரைப் பக்கத்து மஞ்சள் சுவர்களில் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொள்ளும் யாரோ என்றுதான் நினைத்திருந்தேன். நம் வீட்டு ஆளே ஓர் ஊருக்கு யாரோ ஆக முடியும் என்பது பெரிய ஆச்சரியமாக இருந்தது. பட்டியலை அச்செடுத்து வந்து, நோட்டில் தமிழில் எழுதி, மாமாவுக்கு வகுப்பு எடுத்தேன்.

கடையில் எடுத்ததும் விலை கேட்கக் கூடாது. உடம்பு எப்படி, வீட்டில் எப்படி, பிள்ளைகள் எப்படி என்று விசாரித்த பிறகுதான் பேச்சு. முகம் தெரியாதவரிடமும் "வஞ்சிரம் என்னா?" என்று ஆரம்பித்தே பழகிய மாமா, "இவ்ளோ விசாரிச்சா மீனு நாறிப்பூடும் வாத்தியாரம்மா" என்றார்.

இன்னொன்று, எல்லாரும் ஒரே தாம்பாளத்தில் சாப்பிடும்போது அவரவர் முன்னால் இருப்பதை மட்டுமே எடுக்க வேண்டும். அம்மாவின் சீர்த் தட்டில் சோறு கொட்டி ஒத்திகை பார்த்தோம். மாமாவின் கை மூன்றாவது வாயிலேயே என் பக்கம் வந்துவிட்டது.

"உன் பக்கம் இருக்கறதத் தின்னு மாமா."

"மீனு உன் பக்கம்தானே இருக்குது."

மூன்று சுற்று டீ கொடுத்தால் மறுக்கக் கூடாது என்பது மட்டும் மாமாவுக்கு ஒரே தடவையில் மனப்பாடமாகிவிட்டது.

இடது கையால் எதையும் கொடுக்காதே, வாங்காதே என்றது மூன்றாவது தவறு. நம்ம ஊர் மாதிரியேதான் என்று எல்லோருக்கும் திருப்தி. பதினோராவதுதான் இடித்தது. நெடும்பயணம் கிளம்புகிறவருக்கு அங்கே இடது கை நீட்டுவார்கள், மறுக்காமல் பிடித்துக் குலுக்குங்கள் என்று இருந்தது. செய்யக் கூடாததை வேண்டுமென்றே செய்து வைத்தால், அதைச் சரிசெய்யவாவது திரும்ப வந்தாக வேண்டுமாம். மூன்றாவதில் கூடாது என்றவன் பதினோராவதில் பிடி என்கிறானே, எழுதினவன் தூங்கிவிட்டான் என்று முடிவு செய்தேன். ஆறாம் வகுப்பில் இங்கிலீஷில் முதல் மார்க் வாங்கியவளுக்கு இந்த உரிமைகூடக் கிடையாதா? நோட்டில் பத்தோடு நிறுத்தி, கீழே கோடு போட்டேன்.

பத்து நாள் கழித்து மாமா வந்தார். அங்கே படகுகளுக்கு அடித்திருக்கும் வண்ணங்களைச் சொன்னார், மீன் விற்கும் பெண்கள் வாயாடுவதில் நம்ம ஊரேதான் என்றார். கல்யாணத்தைச் சொன்னதற்குப் பெரியம்மா "பாக்கலாம்" என்றாராம். மாமா அதோடு நிறுத்திக்கொண்டார். அம்மா விடவில்லை.

"கௌம்பும்போது என்னா சொன்னா?"

"என்னாத்த சொன்னா. எல்லார் எதிர்லயும் இடது கைய நீட்டுனா. நான் கையப் பாக்கெட்டுல வுட்டுக்கினு வந்துட்டேன்."

அம்மா அடுப்பை அணைத்தார். எதிரிக்குக்கூட இடது கையால் தண்ணீர் கொடுக்காத குடும்பம் எங்களுடையது. "சரி. மூணாவது முடிச்ச நானே போட்டுட்றேன்" என்றார்.

அச்செடுத்த தாள் என் கணக்குப் புத்தகத்துக்குள் இருந்தது. இரண்டு நாள் நான் கணக்கே போடவில்லை. மூன்றாம் நாள், மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய், "இன்னும் ஒரு தப்பு இருக்குது மாமா" என்றேன்.

படித்துக் காட்டினேன். மாமாவின் கை தட்டிலேயே நின்றது. "பரிச்சை எழுதிட்டு வந்தப்புறம் பாடம் நடத்துறியே வாத்தியாரம்மா" என்றவர், கையைக் கழுவிக்கொண்டு தக்காருக்குப் போன் போட்டார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

"யக்கா, அந்தக் கை... எனக்குத் தெரியலக்கா."

எதிர்முனையில் பெரியம்மாவின் குரல், எங்கள் தெருக்காரக் குரலேதான், வந்தது. "நானும் யோசிக்கலடா. இங்க இருந்து இருந்து இந்த ஊர்க்காரியாட்டம் நீட்டிட்டேன். நீ கையக் குடுக்காமப் போனப்பதான் நம்ம ஊரு ஞாபகமே வந்துச்சு." மூக்கை உறிஞ்சினார். "முகூர்த்தம் எத்தினி மணிக்கு?"

நான் தப்பித்தேன். தப்பித்தது மட்டுமில்லை, கல்யாணத்தையே நடத்தி வைத்தவள் நான்தான் என்கிற மிதப்பில் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. மாமாவைத்தான் பார்த்தார்.

"ஏர்போட் வரைக்கும் வந்தாளா?"

"வந்தா. நான் உள்ள போற வரைக்கும் நின்னா."

"வெய்யில்லயா?"

"வெய்யில்லதான்."

"அது வரைக்குமா வந்தா?" என்று அம்மா மறுபடி கேட்டார். கேட்டுவிட்டு அழுதார். பெரியம்மா சாரத்தைவிட்டுக் கிளம்பியபோது தெருமுனை வரைகூட யாரும் கூடப் போகவில்லை என்பதும், உள்தாழ்ப்பாளைப் போட்டது அம்மாதான் என்பதும் பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு நான், அதுதான் வர ஒத்துக்கொண்டாயிற்றே, இன்னும் எதற்கு அழுகை என்று அலுத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு எனக்குப் பட்டுப்பாவாடை என்ன நிறத்தில் வேண்டுமென்று சொல்ல ஆரம்பித்தேன்.